சட்டையை விடாத ஹேங்கர்

போன புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால்... அத்தனையும் ஹேங்கர்கள். கறுப்பு நிறத்தில், மேலே வெல்வெட் ஒட்டி, தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருந்தன. அனுப்பியது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் ஸ்டெல்லா.

"அம்மா, இதுல துணி வழுக்கவே வழுக்காது. வீட்ல இருக்கிற பழைய பிளாஸ்டிக் ஹேங்கரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அப்பா சட்டைய இதுல மாட்டு" என்று போனில் சொன்னாள்.

ஒரு ஹேங்கருக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இந்த நான்கு மாதமாக அதுதான் பெரிய பேச்சு. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து, குஜிலியம்பாறை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். குலுங்குகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே டிக்கெட் கிழித்த ஆள். தவக்காலத்தில் ஒருநாள் காலை காபி டம்ளரை எடுக்கப் போனவருக்கு இடது கை வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரி, மாத்திரை, பயிற்சி என்று அலைந்ததில், ஆண்டவர் கிருபையால் கால் திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது — முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. இடது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

டியூட்டி நாளில்கூட முதல் பூசை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அப்படிப்பட்டவர் இப்போது கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்து சிஸ்டர் ஒருவர், பூசையில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

"ஏங்க, நடக்கத்தான் செய்றீங்களே. ஆட்டோவுல போயிட்டு வந்துருவோம்" என்று நானும் கூப்பிடாத வாரம் இல்லை.

"சட்டைய யாரு போட்டு விடுவா?"

"நான்தான்."

"ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போற பிள்ளையாட்டம் என்னைய ஜோடிச்சுக் கூட்டிட்டுப் போவியாக்கும். என் சட்டைய நானா போடுற அன்னைக்கு வாரேன்."

அவ்வளவுதான். துண்டைப் போர்த்திக்கொண்டு முற்றத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு வழி சொல்லியிருந்தது. முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கை பிறகு. மடித்து அடுக்கிய சட்டையில் இது நடக்கவில்லை. ஒன்றை உருவினால் அடுக்கு முழுவதும் சரிகிறது. அதனால் பீரோக் கதவின் உள்பக்கம், அவர் நெஞ்சு உயரத்தில் ஒரு கொக்கி அடித்தோம். பட்டன் எல்லாம் கழற்றிய சட்டையை ஹேங்கரில் மாட்டி அதில் தொங்கவிட்டால், வலது கையால் இடது கையைத் தூக்கிச் சட்டைக் கைக்குள் விட்டுவிடுகிறார். அதுவரை சரி. அதற்கப்புறம் சட்டையை ஹேங்கரிலிருந்து இழுக்க வேண்டுமே... அங்கேதான் வண்டி நின்றது.

முதலில் லாண்டரியில் கொடுத்த கம்பி ஹேங்கர். இழுத்த இழுப்பில் அது வில்லாக வளைந்துவிட்டது. போதாததற்கு வெள்ளைச் சட்டையின் தோளில் துருக்கறை வேறு.

அடுத்து மர ஹேங்கர். "அக்கா, கோட்டு சூட்டே தாங்கும், அசையாது" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிக் கொடுத்தார். உண்மைதான், அசையவில்லை. அதன் தோள் பட்டையாக இருந்ததில் அவருடைய கை நுழையவே இடமில்லை. நுழைத்து இழுத்தபோது ஹேங்கரே கொக்கியை விட்டுக் கழன்று வந்து அவர் நெற்றியில் ஒரு தட்டு தட்டியது.

கடைசியாக இந்த வெல்வெட். பெட்டி வந்த அன்றைக்கே மாட்டிப் பார்த்தோம். இழுத்தார். சட்டை வரவில்லை. இன்னும் இழுத்தார். கதவே ஆடியது, சட்டை ஆடவில்லை.

"ஸ்டெல்லா சொன்னது சரிதான். வழுக்கவே மாட்டேங்குது" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பாதிச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவரே, ஒரு சட்டை... அவ்வளவுதான் கேட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். மாடியில் அவருடைய வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா சொன்னபடி பழைய பிளாஸ்டிக் ஹேங்கர்களை எல்லாம் சாக்கில் கட்டி, பழைய சாமான் எடுப்பவருக்காக வாசலில் வைத்திருந்தேன். கொடியில் தொங்கிய நீல ஹேங்கர் ஒன்றுதான் தப்பியது. ஆடிக் காற்றுக்கு அது சட்டையைக் கீழே விட்டுவிட்டது. அலசி மாட்டினேன். மறுபடியும் விட்டது. ஹேங்கரும் கையுமாகப் புலம்பிக்கொண்டே இறங்கி வந்தேன்.

"இது ஒரு ஹேங்கரா? லேசா காத்தடிச்சா சட்டையக் கீழ விட்டுட்டு, அது பாட்டுக்கு ஆடிட்டு நிக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். "எது?"

"இந்தா, இந்த நீலந்தான்."

"சட்டைய விட்டுருதா?"

"தொட்டாலே விட்டுருதுங்கிறேன்."

"அப்ப அதை இங்கிட்டுக் கொண்டா."

"இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க. அம்புட்டையும் சாக்குல கட்டிப்புட்டேன்."

"கட்டுனத அவுத்து வையி."

பீரோவிலிருந்து வேறொரு சட்டையை எடுத்து நீல ஹேங்கரில் மாட்டிக் கொக்கியில் தொங்கவிட்டேன். ஒல்லியான, வழுவழுப்பான, தோள் சரிந்த பிளாஸ்டிக். வாங்கிய நாளிலிருந்து நான் திட்டாத நாள் இல்லை; அதனாலேயே இதில் மாட்டிப் பார்க்க இத்தனை நாள் தோன்றவில்லை. அவர் இடது கையைத் தூக்கி உள்ளே விட்டார். வலது கையால் காலரைப் பிடித்து ஒரு சுண்டு.

சட்டை வந்துவிட்டது. ஹேங்கர் மட்டும் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு சட்டையை முதுகைச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் துணி சுருண்டு தோளில் நின்றுகொண்டது. என் கை தன்னால் நீண்டது.

"கைய எடு. கண்டக்டர் வேலையப் பிரயாணி பாக்கக் கூடாது."

எடுத்துவிட்டேன். என் கை மறுபடியும் நீண்டுவிடக் கூடாதே என்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மணிகளை உருட்டினேனே தவிர, கண் முழுவதும் அந்தச் சட்டையில்தான். அவர் சுவரில் தோளை உரசி, குனிந்து, நிமிர்ந்து... வலது கையும் உள்ளே போய்விட்டது. மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு முதல் பூசை எத்தனை மணிக்கு?"

அவருக்குத் தெரியாத மணியா? ஆனாலும் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தேன். ஹேங்கர் வாங்கும்போது நாம் துணியைப் பார்க்கிறோம். பீரோவின் அகலத்தைப் பார்க்கிறோம். பட்டுச் சேலைக்குக் கனமானது, நைஸான டாப்புக்கு வெல்வெட், எதற்கும் கம்பி மட்டும் வேண்டாம் — இதெல்லாம் சரிதான். எடுக்கப்போகிற கையைப் பார்க்கிறோமா? எல்லாக் கடையிலும் இறுக்கிப் பிடிக்கிற ஹேங்கரைத்தான் நல்ல ஹேங்கர் என்று விற்கிறார்கள். நாமும் அப்படியே நம்பி வாங்குகிறோம். விட வேண்டிய நேரத்தில் விடுவதும் ஒரு ஹேங்கருக்கு வேலைதானே...

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் அடுப்படியை விட்டு வரவில்லை. வரக் கூடாது என்று காபியை ஆற்றிக்கொண்டே நின்றேன். வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. வேட்டிக்கு பெல்ட் போடுவதை எப்போதோ பழகியிருந்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கம்பியைத் தட்டி, "ரைட்... போலாம்" என்றார்.

வழியில்தான் கவனித்தேன். பட்டன் ஒன்று தவறி, அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தது. அதற்கு மேலே எல்லாமே கோணல். காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. சொல்லலாமா? வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கோயிலில் முடியாதவர்களுக்கென்று ஓரமாக நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். இவர் எதற்கோ குனிந்தவர் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று காதில் கேட்டார்.

"வரும்போதே தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"கண்டக்டர் வேலையப் பிரயாணி பாக்கக் கூடாதுன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவர் இருமுவது போல ஒரு இருமல். பிறகு ஒற்றைக் கையால் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியிலிருந்து நிதானமாகப் போட்டுக்கொண்டு வந்தார். பாதர் முடிக்கப் போவதும், இன்னொன்று ஞாபகம் வந்து தொடர்வதுமாக இருந்தார். பிரசங்கம் ஒருவழியாக முடிந்து, விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தபோது, மேல் பட்டன் வரை சரியாக இருந்தது.

பிரசங்கம் நீண்டதற்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது, என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.