பல்பு எரியும் அலமாரி

ஜெஸிந்தா வீட்டில் ஜன்னலைத் திறப்பது கொலைக் குற்றத்துக்குச் சமம். ஊட்டி காந்தலில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் பத்து வருடமாக இருக்கிறேன். அவளுடைய முன்னறை ஜன்னல் திறந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மூடுபனி உள்ளே வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்பாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். அங்கே படித்த பாடம். கேமராக்களை மர அலமாரிக்குள் வைத்து, ஈரம் அண்டாமலிருக்க உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருப்பாள். ஊட்டியில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. என் வீட்டிலும் பத்திரமும் பட்டுப்புடவையும் பல்பு வெளிச்சத்தில்தான் குடியிருக்கின்றன.

கணவர் இறந்த பிறகு அந்த முன்னறையையே லைவ் ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டாள். தம்பி பெனிஸ் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போய்க் கேமரா பிடிப்பான். படம் இவள் கம்ப்யூட்டருக்கு வரும். இவள் பெயர்களைச் சேர்த்து, சத்தத்தைச் சரிசெய்து, வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் பார்க்கும்படி உடனுக்குடன் அனுப்புவாள். எல்லா வேலைக்கும் ஒரே கம்ப்யூட்டர்.

அதில்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தப்பு நடந்தது. எங்கள் தெருவைச் சேர்ந்த தேவநேசன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அவன் அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல் அடக்கத்தை லைவில்தான் பார்த்தான். ஜெபம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த மகராசி, கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது என்று அதிலேயே வேறொரு கல்யாண வீடியோவை நகல் எடுக்கப் போட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப ஓடியபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தை அவன் கடைசியாகப் பார்க்கவில்லை.

அவன் ஃபோன் செய்து கேட்டபோது மழை, டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். "பரவால்லீங்க்கா" என்று வைத்துவிட்டான். உண்மையை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது, நாலு வார்த்தை திட்டினேன். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அழுதாள். அதன் பிறகு தேவநேசன் வீட்டு வழியாக நடப்பதையே விட்டுவிட்டு, கடைக்குக்கூட மேட்டுப் பாதையில் சுற்றிப் போவாள்.

இந்த ஜூன் மாதம் அவனே கூப்பிட்டான். தங்கை கெஸியாவுக்கு ஜூலையில் கல்யாணம். இந்தத் தடவையும் வர முடியாது. லைவ் நீங்கள்தான் போட வேண்டும் என்றான். ஜெஸிந்தாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றாள். பழையது படத்தை வாங்கிச் சேர்க்கட்டும், புதியது அனுப்புவதை மட்டும் செய்யட்டும், அதை வேறு எதற்கும் தொட மாட்டேன் என்றாள்.

கோயம்புத்தூர் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் கீர்த்திவாசன் முதலில் லேப்டாப்பைக் காட்டினார். இன்னொரு திரை எதற்கு, மேஜையில் இடமில்லை என்றாள். அடுத்து ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஃபேன் சுற்றியது. ஈரக்காற்றை உள்ளே இழுத்து ஒரே வருடத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று அதையும் தள்ளினாள். கடைசியில் டிபன் டப்பா அளவில், ஃபேனே இல்லாத ஒன்று அவள் மனசுக்குப் பிடித்தது. இது சூட்டை உடம்பு வழியாகத்தான் வெளியே விடும், சூடேறினால் திணறும், வெயில் படாத இடமாக வைக்க வேண்டும் என்றார் அவர். "எங்கூர்ல வெயிலுக்கு எங்கீங்க போறது" என்றாள் ஜெஸிந்தா. மூன்று பேரும் சிரித்தோம். அலமாரிக்குள் பல்பு எரியும் என்று சமவெளிக்காரருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைப் பல்பு அலமாரிக்குள் வைத்தாள். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதானே. பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை சோதித்தாள், மூன்று தடவையும் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே சாரல். சர்ச்சில் பெனிஸ், இங்கே அவள் இரண்டு கம்ப்யூட்டரோடு, நான் ஃபோனில் லைவைப் பார்த்து, வரும் செய்திகளைப் படித்துச் சொல்ல. நாற்பது நிமிடம் ஒரு குறையும் இல்லை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். என் ஃபோனில் அவர் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாகப் போனது. பிறகு விட்டுவிட்டு நின்றது. குவைத்திலிருந்து செய்தி வந்தது: அக்கா, நிக்குது.

ஜெஸிந்தா திரையைப் பார்த்தாள். பழைய கம்ப்யூட்டரில் படம் நன்றாகத்தான் ஓடியது. இணையமும் சரி. அலமாரிக் கதவைத் திறந்தாள். அடுப்படி போல அனல் அடித்தது. டப்பாவைத் தொட்டுக் கையை உதறினாள். பல்பை அணைத்தாள், பிரயோஜனமில்லை. பிரசங்கம் முடிந்தால் தாலி.

"பாலாக்கா, ஜன்னலத் தொறங்க."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பத்து வருடத்தில் கட்டை ஊறிப் போயிருந்தது; ஸ்டூலால் இரண்டு இடி இடித்த பிறகுதான் திறந்தது. குளிரும் மூடுபனியும் மொத்தமாக உள்ளே புகுந்தன. ஒயர் ஜன்னல்கட்டை வரை எட்டவில்லை, ஒரு சாண் குறைந்தது. ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றாள். சாரல் படாமலிருக்க நான் குடையை வெளியே விரித்துப் பிடித்தேன். யாராவது தெருவில் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றிருப்பார்கள்.

திரைக்கு முதுகு காட்டி நின்றதால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் இல்லை என்றேன். அப்புறம் சத்தம் வருகிறது என்றேன். பிரசங்கம் முடிந்து ஆமென் சொன்னபோது படம் அசையத் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார், கட்டினார், கெஸியா அழுதாள். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல ஜெஸிந்தா கேட்டுக்கொண்டு நின்றாள். தேவநேசனிடமிருந்து மட்டும் ஒரு செய்தியும் இல்லை. அவன் பார்த்தானா, வெறுத்துப் போய் மூடிவிட்டானா?

எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டான். அவள் கை விறைத்திருந்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். தாலி கட்டியது வரை எல்லாம் பார்த்துவிட்டதாகச் சொன்னான். நன்றி சொல்லி முடிப்பதற்குள் இவள் குறுக்கிட்டாள்.

"தேவா, அம்மா அடக்கத்தன்னிக்கு டவர் போகல. நான் செஞ்ச தப்பு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."



"தெரியுங்க்கா. பெட்டிய மூடுனதும் மாமா பையன் அங்கிருந்தே வீடியோ கால்ல வந்தாரு. டவர் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னையவே கூப்ட்டீங்க?"

"மத்தவங்களுக்கு இது ஒரு வேலைங்க்கா. நீங்க எங்க வீட்டு வழியே வராம சுத்திப் போறத கெஸியா சொன்னா. அன்னிக்கு நடந்தத ரெண்டு வருசமா மறக்காம இருந்தது நாம ரெண்டு பேருதான்."

ஜெஸிந்தா வாய்விட்டு அழுதாள். நான் குடையை மடக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.