ஆற இருபது நிமிடம்

எனக்குப் பொறுமை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் குடிக்கத் தெரியாமல் வாரத்துக்கு இரண்டு முறை நாக்கைச் சுட்டுக்கொள்கிறவள் நான். பஸ் நிற்பதற்குள் படியில் கால் வைத்துக் கண்டக்டரிடம் திட்டு வாங்குவது எனக்குத் தினப்படி. அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்ததோ, சுட்டதை ஆறவிடுகிற வேலை.

பெரம்பலூரில் ஒரு சின்ன கம்பெனி. வீட்டிலிருந்து போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடுமே, அந்த ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறோம். அதற்குள் இருக்கும் பச்சை நிற போர்டில் பாகங்களைப் பொருத்துவது நாங்கள் ஆறு பெண்கள். போர்டில் ஈயப்பசை தடவி, கடுகு மாதிரிப் பாகங்களை ட்வீசரால் எடுத்து அதன்மேல் உட்கார்த்த வேண்டும். ஓவனில் சுட்டால் ஈயம் உருகிப் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். ஓவனை அணைத்த பிறகு இருபது நிமிடம் அதன் இழுப்பறையைத் தொடக்கூடாது. ஈயம் இறுகும்போது அசைந்தால் பிடிப்பு கெட்டுவிடும், வெளிப்பார்வைக்கு ஒட்டியது போலவே இருக்கும்.

ஆறிய பிறகு, அதிகம் சூடாகும் பெரிய பாகத்துக்கு அலுமினியச் சீப்பு ஒன்றைத் திருகி மாட்டுவோம். சூடு அதன் வழியாக வெளியே போய்விடும். மாட்டியது யார் என்று தெரிய, திருகாணியின் தலையில் அவரவர் நகப்பாலிஷால் ஒரு புள்ளி. என்னுடையது மெரூன். போன வருடம் திருவிழாக் கடையில் அவர்தான், என் வீட்டுக்காரர்தான், வாங்கிக்கொடுத்தார். நகத்துக்கு வைத்ததைவிட திருகாணிக்கு வைத்ததுதான் அதிகம்.

எங்கள் மேடம் லெப்பைக்குடிக்காட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் துபாயில். ஓவன் முன்னால் நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தால் சிரித்துவிடுவாள்.

"சபூரா, பொறுமையா இருங்கக்கா. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதா?"

"ஆக்குறப்ப கை வேலை செய்யுது மேடம். ஆறுறப்ப சும்மால்ல நிக்கணும்!" என்பேன்.

அரும்பாவூர்ப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர். இந்தத் தடவை சின்ன வெங்காயம். விதைக்காயிலிருந்து வேலியோரம் வரை அவர் ஒற்றை ஆளாகப் பார்த்த வெள்ளாமை. காய் திரளும் நேரத்தில் தண்ணீர் தவறக்கூடாது என்பதற்காக எங்கள் கம்பெனி ஸ்டார்ட்டர் ஒன்றை நானே வாங்கிப் பொருத்தினேன். "எங்க கை பட்ட போர்டுங்க, பத்து வருசத்துக்கு அசையாது" என்று பக்கத்து வயல்காரர்கள் வரைக்கும் பீற்றிக்கொண்டேன். உள்ளே யார் செய்த போர்டு என்று திறந்து பார்க்க எனக்கு ஏது நேரம்?

ஒரே வாரம். மோட்டார் காலையில் ஓடியது, வெயில் ஏறியதும் நின்றது, சாயங்காலம் மறுபடி ஓடத் தயாராக இருந்தது. சாயங்காலம் தயாராக இருந்து என்ன? மும்முனைக் கரண்ட் அதற்குள் போய்விடும். பாத்தி பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தது. பழியை முழுக்க அவர் தலையில் போட்டேன்.

"போன்ல ஒரு நம்பர அமுக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு சம்சாரியாய்யா?"

அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அந்த வாரம் மூன்று நாளாவது அப்படிக் கேட்டிருப்பேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நானே வயலுக்குப் போனேன், அமுக்குவது எப்படி என்று அவருக்குக் காட்ட. போய்ப் பார்த்தால் கம்பத்தில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஈரச் சாக்கு. பகீரென்றது.

"கரண்டு பெட்டி மேல ஈரச் சாக்கப் போடுறியே, அறிவிருக்கா? செத்துத் தொலைஞ்சா நானும் புள்ளைங்களும் எங்க போறது?"

"வெயிலு ரொம்ப அடிக்குதுல்ல புள்ள" என்றார். அவ்வளவுதான் பதில்.

சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம்பரை அமுக்கினேன். மோட்டார் ஓடியது. "பாத்தியா?" என்றேன். மடையில் தண்ணீர் வந்து, அவர் மண்வெட்டியோடு பாத்திக்குள் இறங்கினார். அரை மணி நேரம் போயிருக்கும். உச்சி வெயில் பெட்டியில் நேராக விழுந்தது. டக்கென்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிட்டது.

மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அலுமினியச் சீப்பின் திருகாணியில் மெரூன் புள்ளி. அதற்குப் பக்கத்தில் ஒரு பொடிப் பாகத்தின் கீழே ஈயம் பளபளக்காமல் சாம்பல் பூத்துச் சொரசொரவென்று இருந்தது. விரலால் லேசாகத் தொட்டேன். ஆடியது.

வெயிலில் சூடேறினால் பிடிப்பு விலகும், ஆறினால் மறுபடி தொடும். இப்படி ஆனது எந்த நாள் என்று உடனே தெரிந்துவிட்டது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கடைசித் தட்டு ஓவனில் இருந்தது, மேடம் தொழுகைக்குப் போயிருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. துணியைச் சுற்றி இழுப்பறையை இழுத்தேன். தட்டு மேஜை விளிம்பில் இடித்தது. டேபிள் பேனைத் திருப்பி வைத்து, வாயாலும் ஊதினேன், பிள்ளைக்குக் கஞ்சி ஊதுவது மாதிரி. திருகி, புள்ளி வைத்து, ஓடி, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோர சீட்டுகூடக் கிடைத்தது.

போர்டைக் கழற்றிக்கொண்டு பெட்டியை மூடினேன். தூரத்தில் அவர் குனிந்து காய்ந்த பாத்தியின் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். போர்டு பழுது, புதுசு போட்டுத் தருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். யார் செய்த போர்டு என்பதை மறைத்துவிட்டேன், அதுதான் உண்மை.

மறுநாள் கம்பெனி திறந்ததும் மேடத்திடம் போர்டை நீட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தத் தட்டுல எத்தனக்கா?"

"நாலு."

நோட்டைப் புரட்டினாள். இரண்டு ஸ்டோரில் இருந்தன. ஒன்று அரியலூர்க் கடைக்குப் போய், அங்கிருந்து விக்கிரமங்கலத்தில் யாரோ ஒருவர் வயலில் ஓடிக்கொண்டிருந்தது, அல்லது ஓடாமல் நின்றிருந்தது. என் முன்னாலேயே கடைக்குப் போன் போட்டு இன்றைக்கே மாற்றச் சொன்னாள். அந்த வீட்டிலும் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்களோ என்று நினைத்தேன்.

"உங்களுக்குப் புது போர்டு நீங்களே போடுங்க" என்றாள். "நான் பக்கத்துல இருக்கேன்."

பாகங்களை வைத்து, சுட்டு, ஓவனை அணைத்தபோது மணி பதினொன்று. புது போர்டோடு என்னை ஏற்றிப்போக அவர் வண்டியோடு வந்து கேட்டில் நின்றார். மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும். இன்றைக்கும் தண்ணீர் பாயாவிட்டால் மேல்பாத்திகள் போச்சு என்று காலையிலேயே சொல்லியிருந்தார். வாட்ச்மேன் வந்து, "உங்க வூட்டுக்காரரு ஆச்சான்னு கேக்குறாரும்மா" என்றார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வந்தார். என் கை தானாக இழுப்பறைக்குப் போனது. மேடம் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கையை எடுத்து இரண்டு தொடைகளுக்கும் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கால் ஆடியது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நானே தள்ளிவிடலாமா என்றிருந்தது. இரண்டு பிள்ளை பெற்றேன், அப்போதுகூட நேரம் இப்படி இழுக்கவில்லை.

"ஆறட்டும்னு சொல்லுங்கண்ணே" என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் மேடமே நிமிர்ந்து பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு வயலில் மாட்டினோம். மோட்டார் ஓடியது. ஒரு மணி, ஒன்றரை மணி, நல்ல வெயில். நிற்கவில்லை. தண்ணீர் கடைசி மடை வரைக்கும் போனது. மேலே மூன்று பாத்தி மட்டும் தாள் கருகிப் படுத்துவிட்டது, அது இனி எழுந்திருக்காது.

வரப்பில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, தப்பு உங்க மேல இல்ல. அந்த போர்டு நான் போட்டது. பஸ்ஸுக்கு அவசரப்பட்டு ஆறுறதுக்குள்ள எடுத்துட்டேன்."

அவர் மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் புள்ள. மொத நாளு நின்னப்பவே பெட்டியத் தொறந்து பாத்தேன். நான் வாங்கிக்குடுத்த மெரூன் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இத்தன ஏச்சு வாங்குன? சொல்றதுக்கு என்ன?"

"ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சியே, எங்க கை பட்ட போர்டுன்னு. அதப் போயி எப்புடிச் சொல்றது? சாக்க நனைச்சுப் போட்டு அறுப்பு வரைக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். நேற்று நான் பிடுங்கி எறிந்த சாக்கு வரப்போரம் காய்ந்து கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.