கெண்டை ஈரலில் நீலம்

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் திசுக்களைச் சீவிச் சாயமேற்றுவது இன்று என் வேலை. ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறினால் போதும், விருத்தாசலத்தில் தோழியோடு விலங்கியல் படித்த நாட்கள் வந்துவிடும். ஏக்கமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அவள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாய்க்கால் கெண்டையின் ஈரலில் இரும்பு சேர்கிறதா என்பது அவளுடைய ப்ராஜெக்ட். மெழுகில் பதித்த ஈரலை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அமிலம் கலந்த சாயக் கரைசலில் வைக்க வேண்டும். இரும்பு இருக்கும் இடம் மட்டும் நீலமாகும். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

மூன்று நாள் இருக்கையில், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாய ஜாடியைக் கீழே போட்டு உடைத்தேன். எங்கள் வீட்டில் பீங்கான் பட்டறை. ஒருமுறை சுட்டு, மேல்பூச்சு பூசாத கிண்ணங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். எங்களுக்கு எதற்கெடுத்தாலும் கிண்ணம்தான். ஜாடிக்குப் பதிலாகச் சாயம் ஊற்ற நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏய், நீலம் வந்துட்டுதுடி! எம்மாம் நீலம் பாரு!" என்று அவள் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து குதித்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஈரல் நீலம். ஈரலே இல்லாத வெறும் கண்ணாடியும் நீலம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குளத்து மீனும் நீலம். கிண்ணத்து மண்ணிலிருந்த இரும்பை அமிலம் கரைத்து இழுத்திருக்கிறது. களிமண்ணிலேயே வளர்ந்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். "சூப்பர்டி" என்றேன்.

மறுநாள் நான் போவதற்குள் அவளே கண்டுபிடித்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"எல்லாம் கிண்ணத்து வேலைடி. நேத்து நீயும் பாத்தியே, ஒனக்கு ஒண்ணும் தெரியலியா?"

"இல்லடி" என்றேன்.

நம்பிவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜாம் பாட்டில்களைக் கழுவி, மீதி மெழுகுக் கட்டிகளிலிருந்து புதிதாகச் சீவி, இருவருமாக மறுபடி சாயமேற்றினோம். குளத்து மீனில் நீலமே இல்லை. வாய்க்கால் மீனில் மட்டும், செல்லுக்குள்ளே, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் நீலப் புள்ளிகள். அவ்வளவு அழகான தகட்டை இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒப்படைத்தாள். மேலே படித்தாள். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

பைண்டு செய்த ஆய்வேட்டில் எனக்கும் ஒரு பிரதி தந்தாள். ஒவ்வொரு தகட்டையும் கூட உட்கார்ந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்ன தோழிக்கு நன்றி என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். என் கணவர் அந்தப் பக்கத்தை ஃப்ரேம் போடலாம் என்றார். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்குக் காரணம் தெரியாது.

அவள் போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.