ஜப்பான் சூசையின் பங்கு

போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பசித்தது. வாசலில் இருந்த பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கி, எனக்கும் என் தங்கைக்கும் பாதியாகப் போடச் சொன்னேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்த பன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன ஆனதோ, கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். "யாரு மேலக்கா கோவம்?" என்றாள் தங்கை. யார் மேலும் கோபமில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் பன்னைப் பங்கு போடும்போது ஒருவர் இப்படித்தான் திரும்பி உட்காருவார். அவர்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

மொரப்பூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. கணக்கு டீச்சர். சேலத்திலிருந்து பாசஞ்சரில் வந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் காலையில் கட்டிய சேலை பாதி அவிழ்ந்திருக்கும். பிள்ளைகளைவிட நான்தான் ஹெட்மாஸ்டருக்கு அதிகம் பயந்தேன். புதியவள் என்பதால் சுதந்திர தின ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்தது. கொடியை யார் ஏற்றுவது என்று கேட்டேன். "இதென்ன கேள்வி? தியாகி மாதையன்தான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

மாதையனும் சூசையும் அந்த ஊர்க்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் ஒன்றாகவே கைதியானவர்கள். அங்கே வெள்ளைக்காரனை எதிர்த்து இந்திய விடுதலைப் படை கிளம்பியபோது மாதையன் அதில் சேர்ந்துவிட்டார். சூசை சேரவில்லை. ஒரு தடவை சாமி மேல் சத்தியம் செய்தாயிற்று, இன்னொரு தடவை முடியாது என்று கைதியாகவே இருந்துவிட்டார். ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்களாம். எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியிருக்கிறார். பிறகு ஊர் ஒருவரைத் தியாகி என்றது, மற்றவரை ஜப்பான் சூசை என்றது. ஆகஸ்ட் பதினைந்தன்று தியாகி மேடையில் இருப்பார். சூசை பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விழா முடிந்ததும் மாதையன் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல், போட்ட பொன்னாடையோடு நேரே அந்த டீக்கடைக்குப் போவார். ஒரு பன் வாங்கிப் பிட்பார். சூசை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மாதையன் ஒரு துண்டைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். "ஒனக்கு" என்பார் சூசை. அப்புறம் இரண்டு பேரும் டீயில் நனைத்துத் தின்பார்கள். இதென்ன விளையாட்டு என்று நான் கேட்டபோது, "அங்க கைதி கேம்ப்புல அல்லாரும் அப்பிடித்தாங்க டீச்சரம்மா. கண்ணால பாக்காம பேரைச் சொல்லிட்டா சண்டை வராது. சொன்னா மாத்தக்கூடாது" என்றார் மாதையன்.

கணக்கு டீச்சர் கண் சும்மா இருக்காது. இரண்டு மூன்று வருடம் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மாதையன் ஒருநாளும் பன்னைச் சரியாகப் பிட்டதில்லை. முதலில் சின்னத் துண்டைத்தான் தொடுவார். சூசையும் மாறாமல் "ஒனக்கு" என்பார். பெரிய துண்டு சூசைக்குப் போய்விடும்.

மாதையனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சூசை ஒரு தடவையாவது கொடியேற்ற வேண்டும். வருடா வருடம் கூப்பிடுவார். நானும் போய்க் கெஞ்சியிருக்கிறேன். "நான் சலாம் போட்ட கொடி வேறங்க. அது அவன் வாங்கியாந்த கொடி" என்று சூசை சிரித்து மழுப்பிவிடுவார்.

கடைசி வருடம் மாதையனுக்கு மூச்சு வாங்கியது. மகன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தியாகியோ மேடைக்கு வராமல் டீக்கடையில் இறங்கிக்கொண்டார். நான் பதறிப்போய் ஓடினேன். அவர் ஒரு முழுப் பன்னை வாங்கிக் கையில் வைத்திருந்தார். பிட்கவில்லை. சூசை வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

"இது யாருக்குடா?"

"ஒனக்கு."

"அப்ப இந்தப் பன்னு எனக்கு. மிச்சம் ஒனக்கு. திரும்பிப் பாரு."

சூசை திரும்பினார். ஒரு கையில் பன் இருக்க, மாதையனின் மறு கை விரல் வேலிக்கு அந்தப் பக்கம் கொடிக்கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏமாத்திட்டியேடா" என்றார் சூசை.

"சொன்னா மாத்தக்கூடாது. போ."

சூசை போனார். செருப்பை கேட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கயிற்றின் முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை, நான்தான் கூட நின்றேன். கொடி விரிந்து பூ கொட்டியதும் அவர் விறைத்து நின்று அடித்த சல்யூட்டை அப்புறம் எந்த விழாவிலும் நான் பார்க்கவில்லை. டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாதையனும் நின்றிருந்தார். அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்; நான் ஆரம்பித்து வைக்க வேண்டிய தேசிய கீதம் பிள்ளைகள் வாயிலிருந்து தானாகவே கிளம்பியது.

அந்தப் பொங்கலை மாதையன் பார்க்கவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சூசை கேட் அருகே என்னை நிறுத்தினார்.

"அவன் எப்பவும் சின்னதைத்தான் மொதல்ல தொடுவான் டீச்சரம்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னாங்க? அவன் படைக்குப் போறதுக்கு முன்னால, கேம்ப்புலயே தெரியும். எனக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. சோத்து உருண்டையப் பிட்டு யாருக்குன்னான். ஒனக்குன்னேன். பெரிசு எங்கிட்ட வந்துச்சு. மறுநாளும் அப்பிடியே. அப்புறமேட்டுக்குத் தெரிஞ்சேதாங்க சொன்னேன். அப்பிடிப் பசி." கொடிக்கம்பத்தைப் பார்த்தபடியே மேலே சொன்னார். "ஊருக்கு வந்தப்புறம் ஒருநா மாத்தி எனக்குன்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாளு எங்கிட்ட பேசல அவன். பெரிய பங்கத் தின்னவன் நானு. கொடிக்கயித்தையும் நானே எப்பிடிங்க தொடறது?"

அடுத்த ஆகஸ்டில் அவரே கொடியேற்றினார், யாரும் கெஞ்சவில்லை. விழா முடிந்ததும் டீக்கடைக்குப் போனார். டீ மட்டும் குடித்தார். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்த பிறகு அவரும் போய்விட்டதாகச் சொன்னார்கள். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. வேலி போய் ஆளுயரச் சுவர் வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்தால் கொடி தெரியாது. அந்த இரண்டு பேரையும் அந்த பெஞ்சில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

"திரும்புக்கா, பன்னு ரெடி" என்றாள் தங்கை. திரும்பினேன். கடைக்காரர் கத்தியால் வெட்டித் தட்டில் வைத்திருந்தார். இரண்டு பாதியும் அச்சாக ஒரே அளவு. எதை முதலில் தொட்டாலும் ஒன்றுதான்.