விலங்கோடு வைத்த கொள்ளி

போன மாதம் சண்டிலிப்பாயில் ஒரு செத்தவீடு. பிரேதம் முற்றத்தில் கிடக்கிறது. ஐயர் வந்துவிட்டார். பறைமேளம் ஒரு தரம் அடித்து ஓய்ந்துவிட்டது. கொள்ளி வைக்க வேண்டிய மகனை மட்டும் காணவில்லை. அவன் அரசாங்க வான் ஒன்றில் வந்துகொண்டிருந்தான்...

வந்துகொண்டிருக்கிறான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைக் கொஞ்சமாவது சிரிக்க வைத்துத்தான் அனுப்புவேன். இந்தக் கிழமை ஏலாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர் புகையிலைத் தோட்டக்காரர். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற மனிதர், அப்படியே சரிந்துவிட்டார். மகள் கலா, என் மனைவி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். அவளுக்கு ஒரே தம்பி சுதன். ஓட்டோ ஓடுகிறவன். இப்போது விளக்கமறியலில் இருக்கிறான்.

அவனுடைய ஓட்டோவில் ஏறிய ஒருவனின் பையில் ஏதோ தூள் இருந்ததாம். பொலிஸ் இரண்டு பேரையும் பிடித்தது. அது போதைத் தூளா என்று சோதித்து ரிப்போர்ட் வர வேண்டும். வரும்வரை வழக்குக்குத் தவணை. பிறகு இன்னொரு தவணை...

சுதன் குற்றவாளியா? எனக்குத் தெரியாது. வழக்கைப் பார்க்கிற கோட்டுக்கும் தெரியாது. அது தெரியும்வரைதான் உள்ளே வைத்திருக்கிறார்கள்!

உள்ளே என்றால் பக்கத்திலும் இல்லை. முதலில் வைத்திருந்த இடத்தில் ஆட்கள் நிறைந்து, படுக்க இடமில்லாமல், தெற்கே வெகுதூரத்தில் உள்ள ஒரு சிறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பா செத்த அன்றே கலா லோயரிடம் ஓடினாள். நீதவானும் இழுத்தடிக்கவில்லை. காவலோடு செத்தவீட்டுக்குக் கூட்டிப்போய் வரலாம் என்று கட்டளை கொடுத்துவிட்டார். அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். முடியுமா?

மறுநாள் காலை, பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்தபடியே கலா சிறைக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஓடர் கிடைச்சது, மிஸ். வாகனம்தான் இல்லை. இருக்கிறது கோட்டுக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போயிட்டுது. வந்தாப் பிறகு பாப்பம்.”

“நாங்கள் ஒரு வான் பிடிச்சு அனுப்பட்டோ?”

“அப்பிடி ஏலாது, மிஸ். கூட அனுப்ப ஆக்களும் காணாது.”

மரியாதையாகத்தான் கதைத்தார். அதனால் கலாவுக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

பின்னேரமாகிவிட்டது. கலாவின் பெரியப்பா தோளில் கிடந்த துவாயை உதறிக்கொண்டு எழும்பினார்.

“பிள்ளை, இனியும் வைச்சிருக்க ஏலாது. என்ரை பெடியன் கொள்ளி வைக்கட்டும்.”

“ஏன் பெரியப்பா, தம்பி என்ன செத்தோ போனவன்? அவன் வைப்பான். அவன் வராட்டில் நான் சுடலைக்குப் போய் வைக்கிறன்.”

பிரேதம் போகும்போது பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுகிற ஊர் எங்களுடையது.  பெரியப்பா திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் வான் வந்தது. முதலில் இறங்கியவர் காவலுக்கு வந்த வயதான ஜெயில் காட். பிறகு ஒரு இளம் காட், அவனோடு சுதன். இளம் காட்டின் வலக்கையும் சுதனின் இடக்கையும் ஒரே விலங்கில்.

சுதன் பாதியாகிப் போயிருந்தான். நேரே அப்பாவின் தலைமாட்டுக்குப் போனான். அழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்... கூடவே மற்றவனின் கையும் மேலே போனது. அந்தப் பெடியன் தெற்கத்தியான். தமிழ் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் பிரேதத்துக்கு முன்னால், தூக்கிய கையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கலா அப்போதுதான் குழறி அழுதாள்.

வயதான காட்டுக்குத் தமிழ் தெரியும். நான் மெல்லக் கேட்டேன்.

“ஐயா, கொள்ளி வைக்கிற நேரம் மட்டுமாவது கழட்டி விடுங்கோவன்.”

“எனக்கும் அப்பா செத்தவர்தான், ஐயா. கழட்டி, இவர் ஓடினால் நாளைக்கு நான் உள்ளுக்கு. அப்ப எனக்காக ஆர் வந்து கதைப்பினம்?”

ஓடுவதா? தகப்பனின் கொள்ளிக்குடத்தோடா? கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லையே.

சுடலையில் இளம் காட் ஒருவரும் சொல்லாமலே கால் சப்பாத்தைக் கழற்றினான். சுதனின் தோளில் குடத்தை வைத்தோம். சிதையைச் சுற்றி சுதன் நடந்தான். விலங்கு இறுகாமல் இருக்க, இளம் காட்டும் கையைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தான். குடத்து ஓட்டையால் கொட்டிய தண்ணீரில் இரண்டு பேரின் சட்டையும் நனைந்தது. சுதன் கொள்ளி வைக்கும்போது விலங்கு கிலுங்கியது. அசைந்தது அவன் கையா, மற்றவனின் கையா? பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“இருட்ட முன்னம் வெளிக்கிட வேணும்” என்றார் வயதான காட். சுடலை வாசலிலேயே வானில் ஏற்றிவிட்டார்கள்.

வீட்டில் கலா சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, தம்பி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கை அண்ணை அவன்?”

“வான் போயிட்டுது, பிள்ளை.”

அவள் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் ஒரு கெட்டவனைத் தேடிக்கொண்டே இருந்தேன். யாரைத் திட்டலாம்? நீதவான் கட்டளை கொடுத்தார். போனில் கதைத்தவர் உண்மையைச் சொன்னார். காட் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு வாகனம் குறைவு, காவலுக்கு ஆட்கள் குறைவு, ஒரு ரிப்போர்ட் தாமதம் — இவ்வளவும்தான். ஒரு குடும்பத்தைக் கசக்கிப் பிழிய இது போதுமாக இருக்கிறது. கொடுமைக்குக் கொடியவர்கள்தான் வேண்டுமென்று நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

போன கிழமை சுதனைத் தவணைக்குக் கொண்டுவந்தார்கள். மறியல் நீடிக்கப்பட்டது. கூண்டுக்கும் வானுக்கும் இடையில் கலாவுக்கு ஒரு நிமிசம் கிடைத்ததாம். சுதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான்.

“அக்கா, அப்பா கடைசியா என்ன சொன்னவர்?”

தோட்டத்தில் தனியே சரிந்த மனிதர். என்ன சொல்லியிருப்பார், யார் கேட்டார்கள்?

“‘சுதன் வந்திட்டானோ’ எண்டு கேட்டவர் எண்டு சொன்னன் அண்ணை” என்றாள் கலா. “பொய்தான். வேறை என்னத்தைச் சொல்ல?”

வழக்கு இன்னும் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. தண்டனை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது!