வரிசைக்கு வந்த நாற்காலிகள்

அலான்சோ ட்ரெட்வெல் மடக்கு நாற்காலியை விரிப்பது முழங்காலால். இடது கையில் முதுகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் ஒரு தட்டு, சத்தமே வராது. பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். கிரீச்சிட்டால் அந்த நாற்காலி வண்டிக்கே திரும்பிப் போகும். கீல்களுக்கு அவர் போடுவது தையல் மெஷின் எண்ணெய். "அழுற வீட்டுல நாற்காலி பேசக் கூடாது" என்பார்.

அலபாமாவில், கேல்ட்டன் ஊரின் கறுப்பர் பகுதியில் இருக்கும் ஹாக்கெட் ஈமச்சடங்கு நிலையத்தில் அவருக்கு வேலை. சவ வண்டி ஓட்டுவார், குழி நேராக வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், மழை வந்தால் கூடாரம் கட்டுவார். ஆனாலும் ஊருக்கு அவர் நாற்காலிக்காரர்தான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளுக்கு நடுவே ஒரு பருமனான அத்தையை உட்காரவைக்கும் சாமர்த்தியம் அவருக்குத்தான் உண்டு. சனிக்கிழமை மீன் வாங்கப் போகும்போதும் கறுப்பு டை கட்டியிருப்பார். கேலி செய்தால், "சாவு என்ன சொல்லிட்டா வருது?" என்பார்.

இந்த 1965ஆம் வருடம் ஜனவரியில், வாக்காளராகப் பெயர் பதியக் கேட்டு எங்கள் ஜனங்கள் நீதிமன்ற வாசலில் வரிசையாக நின்றார்கள். பதிவு அலுவலகம் மாதத்தில் ஓரிரு திங்கட்கிழமைகள்தான் திறக்கும். அன்றும் நாள் முழுக்க நாலைந்து பேரைத்தான் உள்ளே விடுவார்கள். வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும்; தரையில் உட்கார்ந்தால் கைது. துணி வெளுத்து வெளுத்தே கால் வீங்கிப்போன இட்டா பூன், குளிரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அலான்சோ தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். நேராக முதலாளியம்மாவிடம் போனார்.

"மிஸ் வெர்னெல், நாற்காலி வேணும்."

"இன்னைக்கு அடக்கம் ஒண்ணும் இல்லையே?"

"கோர்ட்டு வாசல்ல வேணும்."

கணவரை இழந்தபின் அந்த நிலையத்தைத் தனியாக நடத்துபவர் வெர்னெல் ஹாக்கெட். "எனக்கு லைசென்ஸ் அந்தக் கட்டடத்துல இருந்துதான் வருது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"நாற்காலி முதுகுல என் வீட்டுக்காரர் பேர் எழுதியிருக்கு."

"அதுவும் தெரியும்."

"அப்ப முதுகை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போடு. நல்லாப் படிக்கட்டும்."

சவ வண்டி நீதிமன்ற வாசலில் வந்து நின்றதும் வரிசை திகைத்தது. இட்டா பூன்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன பிரதர் ட்ரெட்வெல், எனக்கு நாள் குறிச்சிட்டியா?"

"உக்காரத்தான் சிஸ்டர், படுக்க இல்ல."

சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. துணை ஷெரிப் ஒருவன் இறங்கி வந்தான். "எவன்டா செத்தான்?"

"இன்னும் யாரும் சாகலீங்க. இப்படியே நிக்க வச்சா யாராவது சாவாங்க."

மதியம்வரை விட்டுவைத்தார்கள். பிறகு, நடைபாதைக்கு இடைஞ்சல் என்று ஷெரிப்பின் உத்தரவு வந்தது. துணை ஷெரிப்கள் ஆட்களை எழுப்பிவிட்டு நாற்காலிகளை லாரியில் எறிந்தார்கள். இட்டா பூனை மட்டும் அலான்சோவே கைகொடுத்து எழுப்பினார். "மடக்குடா அதை" என்றான் காலையில் இறங்கி வந்த அந்தத் துணை ஷெரிப். குனிந்து மடக்கினார். வலது கை கீலுக்குள் இருக்கும்போதே அவன் பூட்ஸ் காலால் இருக்கையை ஓங்கி மிதித்தான்.

இரண்டு விரல் எலும்புகள் முறிந்தன. அலான்சோ சத்தம் போடவில்லை. அப்படியே கைது செய்து கொண்டுபோனார்கள்; சிறையில் வைத்தியம் பார்க்க யாரும் வரவில்லை. அந்த விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. ஏன் கத்தவில்லை என்று பின்னால் கேட்டார்கள். "கத்தணும்னுதான் வந்துச்சு. வரிசையில அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. நான் கத்தியிருந்தா கலைஞ்சிருப்பாங்க."

அவர் வெளியே வந்த வாரம் ஒரு குழந்தையின் அடக்கம். ஹாக்கெட் நிலையத்தில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. குழிக்கரையில் எல்லாரும் நின்றார்கள். கட்டுப்போட்ட கையோடு அவர் தாயிடம் போய், "மன்னிச்சுக்கம்மா, உன்னை உக்கார வைக்க முடியல" என்றார். அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்து, பெட்டி இறங்கும்வரை அப்படியே நின்றாள். பல வருட வேலையில் அன்று மட்டும்தான் தமக்கும் கண் கலங்கியது என்கிறார்.

அடுத்த பதிவு நாளில் எங்கள் தெருக்கள் வேடிக்கையாக இருந்தன. சமையலறை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தி, ஆடும் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒருவர், பியானோ முன் போடும் பலகையை ஆளுக்கொரு முனை பிடித்துச் சுமந்துகொண்டு தேவாலயப் பாடகிகள். ஒன்றும் இல்லாதவர்கள் பன்றிக்கொழுப்பு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். பிடுங்கப் பிடுங்க, அடுத்த திங்கட்கிழமை வேறு நாற்காலிகள் வந்தன. கடைசியில் வழக்கு மத்திய நீதிபதியிடம் போயிற்று. வரிசையில் இருப்பவர்கள் உட்காரலாம் என்று அவர் தீர்ப்பெழுதினார்.

ஹாக்கெட் நாற்காலிகள் வசந்தத்தில் திரும்பி வந்தன. சிலவற்றில் பெயரை ஆணியால் கீறியிருந்தார்கள். பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று மிஸ் வெர்னெல் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் புது வாக்குரிமைச் சட்டம் வந்து, பெயர் பதிய வாஷிங்டனிலிருந்தே அதிகாரிகள் வந்தார்கள். தபால் அலுவலகத்தின் பின்னறையில் மேஜை போட்டார்கள். அந்த வாரமே இட்டா பூன் பதிந்துவிட்டார். அலான்சோவுக்கு அடுத்தடுத்து அடக்கங்கள், செப்டம்பரில்தான் ஒழிந்தது. கறுப்பு டையோடு உள்ளே போனார். அதிகாரி, வெள்ளைக்கார இளைஞர், மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க, மிஸ்டர் ட்ரெட்வெல்."

அலான்சோ நாற்காலியைப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே நிறைமாதப் பெண் ஒருத்தி இடுப்பில் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளருகில் போட்டார். "உக்காரும்மா." திரும்பி வந்து, மேஜைமேல் குனிந்து, நின்றபடியே தன் பெயரை எழுதினார்.