நாகேஸ்வரன் சாரின் ஒற்றைக் கைச் சட்டம்

பி.டி. மாஸ்டர் நாகேஸ்வரனுக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்று, கபடி. தஞ்சாவூர்ப் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும் விசில் அவர் கழுத்தில்தான் தொங்கும். பள்ளிகளுக்குள் ரக்பி நுழைந்ததும் சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். பிரியாணி சாப்பிட்டார், சான்றிதழ் வாங்கினார், ரக்பி நடுவராகத் திரும்பி வந்தார். விதிப் புத்தகத்தைப் பிரித்தாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ரக்பியில் பந்து கையில் பட்டு முன்னால் விழுந்தால் நாக்-ஆன். இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் பந்து எதிரணிக்குப் போகும், அதோடு சரி. பாஸை மறித்து வேண்டுமென்றே தட்டிவிட்டால்தான் பெனால்டி, மஞ்சள் அட்டை எல்லாம். பிடிக்கப் போன கையா, தட்டப் போன கையா என்று நடுவர் பார்க்க வேண்டும். நம் சார் பார்ப்பது எத்தனை கை என்று மட்டும். இரண்டு கை நீட்டினால் பிடிக்க, ஒரு கை நீட்டினால் தட்ட. கபடியில் கை நீட்டுவது தொடுவதற்கு. அதைத் தாண்டி இந்த மனிதருக்கு எதுவும் ஏறாது.

நானும் பி.டி. மாஸ்டர்தான். மாவட்ட இறுதிப் போட்டியில் கோட்டோரம் கொடி பிடித்து நின்றேன். பேராவூரணி அணியின் ஷமீரா, எதிரணி வீசிய பந்துக்குக் குறுக்கே பாய்ந்து வலக்கையை நீட்டினாள். பந்து விரலில் பட்டு முன்னால் எகிறியது. பிடித்திருந்தால் எதிரே ஆளே இல்லை, ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் ட்ரைதான், ஐந்து புள்ளி. சார் விசிலை ஊதி மஞ்சள் அட்டையைத் தூக்கினார். அட்டை வாங்கியவளை மாவட்ட அணியில் சேர்க்கக் கூடாது என்பது தேர்வுக் கமிட்டியில் இவரே போட்ட சட்டம். அந்த அணியில் இடம் கிடைத்தால்தான் ஷமீராவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி.

ஆட்டம் முடிந்ததும் அவரை டீக்கடையில் பிடித்துக்கொண்டேன்.

"சார், அது வெறும் நாக்-ஆன். ஓடுற வேகத்துல ஒரு கைதான் எட்டும்."

"நீங்க ஓரமா நின்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"கிரிக்கெட்ல ஒத்தக் கையில கேட்ச் பிடிச்சா கை தட்டுறீங்கல்ல?"

"அது வேற ஆட்டம்."

"கபடியும் வேற ஆட்டம்தான் சார்."

சார் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். தப்பென்று ஒத்துக்கொண்டால் தன் விசிலுக்கு மரியாதை போய்விடுமாம். ஒரு பெண்ணின் படிப்பு போவது பரவாயில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போது ஷமீராவே வந்து நின்றாள்.

"சார், பந்து கையில நின்னிருந்தா என்ன கொடுத்திருப்பீங்க?"

"ட்ரை."

"அப்ப பிடிக்கத்தானே போனேன்?"

"நிக்கலையேம்மா."

அவள் வலக்கையை மேசைமேல் விரித்து வைத்தாள். இரண்டு விரல்கள் நுனியில் வீங்கி நீலம் பாரித்திருந்தன. தட்டுகிறவளுக்கு உள்ளங்கைதான் சிவக்கும். பிடிக்கப் போகிறவளுக்குத்தான் பந்து விரல் நுனியில் குத்தும். விளையாட்டு மைதானத்தில் முடி நரைத்த மனிதருக்கு இது தெரியாதா?

சார் அந்த விரல்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"ஐஸ் வைம்மா, சரியாப் போயிடும்," என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதென்று கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பினார். அங்கே பட்டியலிலிருந்து அவள் பெயரை முதலில் அடித்தவரும் அவர்தான்.